சம்பந்தியம்மாள் பார்த்த பட்டணம்

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி சாய்ந்த பிறகு, வந்தவாசியிலிருந்து வரும் கரி பஸ் பூந்தமல்லியில் வந்து நின்றது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். பஸ்ஸின் பின்புறம் ஆளுயர அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மாள் இறங்கியபோது அவளுடைய வெள்ளைப் புடவையின் முதுகு சாம்பல் நிறமாகியிருந்தது. அவள் அதைத் தட்டிக்கூட விடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். புளியமரத்தடியில் இரண்டு எருமைகள் படுத்திருந்தன. ஒரு கிழவி வேகவைத்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

"இதானா பட்டணம்?"

"இல்லீங்க சம்பந்தி, இது பூந்தமல்லி" என்றார் உலகநாதன். "நம்ம ஊரு இன்னும் ரெண்டு கல்லு கீது. வண்டி கொண்டாந்துகீறேன்."

"ஒங்க ஊரு பட்டணத்துலதான கீது?"

"பட்டணத்துக்குப் போற ரோட்லதாங்க."

பொன்னம்மாளுடைய மகன் மணவாளன் மூட்டையை வண்டியில் வைத்தான். உலகநாதனின் ஒரே மகள் வசந்தாவைக் கட்டியவன் அவன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதமாகியிருந்தது. தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போகத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் வருவதற்கு முன்பே பொன்னம்மாள் ஆள் பிடித்துக் கடிதம் எழுதிப் போட்டிருந்தாள். அழைத்துப்போகும் முன்னால் தனக்குப் பட்டணத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அதில் இருந்த ஒரே விஷயம்.

காட்டுப்பாக்கத்தில் உலகநாதனுக்கு ஏரிப் பாய்ச்சலில் கொஞ்சம் நெல் நிலமும், கிணற்றுப் பாய்ச்சலில் கீரைத் தோட்டமும் இருந்தன. அரைக்கீரை, முளைக்கீரை, கத்தரி. வாரத்தில் மூன்று நாள் பண்ணையாள் முனியன் வண்டி கட்டிக் கீரையைப் பட்டணத்துக் கொத்தவால் சாவடிக்குக் கொண்டுபோவான். சாயங்காலம் கீரை பிடுங்கி, வேர் மண்ணை வாய்க்காலில் அலசி, வாழைநாரில் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி வைப்பான். தலைக்கோழி கூவும்போது புறப்படுவான். உலகநாதன் அவனோடு வருஷத்துக்கு இரண்டு தரம் போனால் அதிகம். பட்டணத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் முனியன் வந்து சொன்னதுதான்.

ஆனால் மூன்று வருஷத்துக்கு முன், மாப்பிள்ளையின் ஊரான ஓலப்பாக்கத்தில் நிச்சயதார்த்தப் பந்தலில் உட்கார்ந்து பேசும்போது, அவர் அப்படிச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வசதிக்காரர்கள். பொன்னம்மாளின் சொந்த அண்ணன் மகளே முறைப்பெண்ணாகக் காத்திருந்தாள். தன் பெண்ணைத் தூக்கி நிறுத்த உலகநாதனுக்கு வேறு எதுவும் இல்லை. "நாங்க பட்டணத்துக்காரங்க. விடியக்காலைல உயிர் காலேஜுல சிங்கம் கத்துச்சின்னா எங்க ஊட்டுத் தோட்டத்துல காதுல உழும்" என்று பட்டணத்து மிருகக்காட்சி சாலையைப் பற்றிச் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். விதவையான பொன்னம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். அண்ணன் மகளை வேண்டாமென்று சொல்லிவிட்டு வசந்தாவை எடுத்தாள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

வந்த மறுநாள் விடியற்காலை, வசந்தாவின் அம்மா வடிவு சாணி தெளிக்க எழுந்தபோது, தோட்டத்துக் கிணற்று மேட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முக்காடு போட்டுக்கொண்டு பொன்னம்மாள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சம்பந்தி, தூக்கம் வரலியா? பனி கொட்டுதே."

"ஸ்... சத்தம் கேக்குதான்னு பாக்கறேன்."

"இன்னா சத்தம்?"

"சிங்கம்."

வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரோட்டில் வரிசையாக மிலிட்டரி லாரிகள் போகும் சத்தந்தான் கேட்டது. ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை கொட்டகையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராவும் பகலும் லாரிதான். "சத்தம் அடங்கினா கேக்கும்போல கீது" என்று பொன்னம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூழ் கரைத்துக் கொடுக்கும்போது வடிவு புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"சிங்கம் கத்தறது இங்க கேக்கும்னு யாருங்க அந்தம்மாகிட்ட சொன்னது?"

"பேச்சுவாக்குல சொன்னேன். கண்ணாலப் பேச்சுன்னா நாலுஞ் சொல்லத்தான் சொல்லுவாங்க."

"பன்னண்டு கல்லு தாண்டிக் கத்துமா? அது போவட்டும். அதத்தான் போன சித்தரையிலியே சுட்டுப் போட்டாங்களே! முனியன் வந்து சொன்னப்ப நீங்கதான ‘அய்யோ பாவம், வாயில்லா ஜீவன்’னீங்க?"

உலகநாதன் வெங்காயத்தைக் கடித்தார். போன சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியானது காட்டுப்பாக்கத்துக்குத் தெரியாததா? ஒரு வாரம் இந்த ரோட்டில் வண்டியும் சனமுமாகத்தான் ஓடியது. வக்கீல் குமாஸ்தா வீட்டுக் குடும்பமொன்று இவர் மாட்டுக்கொட்டகையில் பதினைந்து நாள் தங்கியிருந்தது. கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடும் என்று புலி, சிங்கம், கரடியெல்லாம் சுட்டுவிட்டார்கள் என்பது அப்போதே வந்த சேதி.

"சொல்லிடுங்க" என்றாள் வடிவு. "இப்பவே சொல்லிட்டா ஒரு நாள் கோவத்தோட போயிடும். பொண்ணு அங்க போய் வாழணும்."

"சொன்னா, அப்ப இன்னாத்துக்குப் போறதுன்னு உக்காந்துக்குவாங்க. அங்க சமுத்திரம் கீது, டிராம் கீது, மூர் மார்க்கெட்டு கீது. கண்ணு நெறஞ்சி போச்சின்னா சிங்கத்த யாரு கேக்கப்போறாங்க?"

"கேப்பாங்க. அந்தம்மா அதுக்குத்தான் பனில உக்காந்துகினு இருந்துச்சி."

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை தலைக்கோழிக்குப் புறப்பட்டார்கள். வடிவு புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வசந்தா கைப்பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டாள். முனியன் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமக்காளம் போட்டிருந்தான். கீரைக்கட்டு இல்லாமல் அந்த வண்டி பட்டணத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. வானகரம் தாண்டும்போது வெளுத்தது. பொன்னம்மாள் வண்டியின் முன்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் தன் புருஷனைப் பற்றியே பேசினாள்.

"ராஜா பட்டாபிஷேகத்துக்கு அவரு பட்டணம் வந்தாரு. அப்ப எனக்குக் கண்ணாலமாயி ஆறு மாசம். ‘ஒன்னையும் கூட்டிம்போறேன்டி’ன்னாரு. எங்க மாமியாரு உடல. போய்ட்டு வந்து முப்பது வருசம் அதே பேச்சி. ஊரெல்லாம் வெளக்கு, ராத்திரி எது பகலு எதுன்னு தெரியாதுன்னுவாரு. சிங்கத்துக்கு எதுர்ல நின்னா அது உடற மூச்சி மூஞ்சில சூடா அடிக்கும்னுவாரு. சமுத்திரத்துல முட்டிக்கால் தண்ணில நின்னுகினு, ‘பொன்னு, ஒன்ன நெனச்சிகினேன்’னுவாரு. சாவறப்பகூட அந்தப் பேச்சிதான்."

"இன்னிக்கி எல்லாத்தையும் பாத்துடலாம்மா" என்றான் மணவாளன்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த முனியன் ஒரு தரம் திரும்பி உலகநாதனைப் பார்த்தான். அவர் ரோட்டைப் பார்த்தார்.

அமைந்தகரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது முனியன் கிட்டே வந்தான்.

"ஆண்டே, அந்தம்மாவுக்குத் தெரியாதுங்களா?"

"இன்னாது?"

"அதாங்க... போன வருசம் நான் வந்து சொன்னேனே. கூண்டெல்லாம் காலிங்க."

"வாய மூடிகினு மாட்டப் பாருடா."

மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் வண்டியை அவிழ்த்தார்கள். முதலில் கடைகளைக் காட்டினார் உலகநாதன். கண்ணாடிச் சாமான், பீங்கான், பழைய கடியாரம், கிளிக்கூண்டு. மணவாளன் ஒவ்வொரு கடையிலும் நின்றான். பொன்னம்மாள் நிற்கவில்லை. "இதெல்லாம் எங்க ஊரு சந்தையிலகூட வரும். மொதல்ல உயிர் காலேஜு" என்றாள்.

உள்ளே குரங்கு இருந்தது. மான் இருந்தது. ஒரு கூண்டில் நாரை ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. மணவாளன் குரங்குக்குக் கடலை போட்டுச் சிரித்தான். பொன்னம்மாள் ஒன்றையும் பார்க்காமல் முன்னே நடந்தாள். கடைசி வரிசையில் தடித்த கம்பி போட்ட பெரிய கூண்டுகள் தெரிந்தன. அவள் நடை வேகமானது. போய் நின்றாள்.

கூண்டுக்குள் மணல் மூட்டைகளும் சிவப்பு வாளிகளும் அடுக்கியிருந்தன. குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்கு வைத்தவை. தண்ணீர் குடிக்கும் தொட்டியில் காய்ந்த இலை கிடந்தது.

"இது எதுக்குக் கூண்டு?" என்றாள்.

பெருக்கிக்கொண்டிருந்த காவல்காரன் நிமிர்ந்து, "சிங்கத்துதும்மா. போன வருசமே சுட்டாச்சி. மெட்ராஸுக்கே தெரியுமே, நீங்க எந்த ஊரு?" என்றான்.

பொன்னம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உள்ளே பார்த்தபடி நின்றாள். மூட்டைகளுக்குப் பின்னால் ஏதாவது இருக்கும் என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு திரும்பி உலகநாதனைப் பார்த்தாள்.

"மெட்ராஸுக்கே தெரியுமாம். ஒங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுங்க சம்பந்தி" என்றார் உலகநாதன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு அதற்கு ஒரு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. விடுவிடுவென்று வெளியே நடந்து வண்டிக்கு வந்தார். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். முனியன் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டா டேய், வாரம் மூணு தபா பட்டணம் வர்ற. சிங்கத்த சுட்டுட்டாங்கன்னு ஒரு வார்த்த சொன்னியாடா எங்கிட்ட?"

முனியனுக்கு முதலில் புரியவில்லை. "சொன்னேனுங்களே ஆண்டே. சித்தரையிலியே சொன்னேன். இப்பகூட அமைஞ்சகரையில..."

உலகநாதன் அவனைக் கன்னத்தில் அறைந்தார். வைக்கோல் அவன் கையிலிருந்து விழுந்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனியனுக்கு நாற்பது வயது. உலகநாதனைவிட ஐந்து வயது சின்னவன். அவன் அப்பனும் இதே தோட்டத்தில் உழைத்துச் செத்தவன். முனியன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. குனிந்து வைக்கோலைப் பொறுக்கினான்.

"மாமா, உடுங்க மாமா" என்று மணவாளன் கையைப் பிடித்தான்.

பொன்னம்மாள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். எது பொய் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அப்புறம் பார்த்ததெல்லாம் சும்மா பேருக்குத்தான். டிராமில் ஏறினார்கள். மணி அடித்துக்கொண்டு அது வளைந்து திரும்பும்போதெல்லாம் மணவாளன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தான். "மாடும் இல்ல, கரியும் இல்ல, எப்டிம்மா ஓடுது!" என்றான். "வாய மூடு. அவரு சொன்ன டிராமு இதுவா? ஆளு மேல ஆளு ஏறிகினு, வேர்வை நாத்தம்" என்றாள் பொன்னம்மாள். ஓட்டலில் இட்லி தீர்ந்துபோயிருந்தது. கோதுமை உப்புமா இருந்தது. சர்க்கரை இல்லாமல் வெல்லம் போட்ட காபி கொடுத்தார்கள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

கடற்கரையில் நெடுகிலும் முள்கம்பிச் சுருள் போட்டிருந்தது. துப்பாக்கி பிடித்த சிப்பாய் ஒருவன் கையை வீசி, போ போ என்றான். கம்பிக்கு அந்தப் பக்கம் சமுத்திரம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"காலு நனைக்கக் கூடாதா?"

"தெற்கால கொஞ்ச தூரம் போனா மீன்பிடிக் குப்பம் கீதுங்க. அங்க கம்பி இல்ல. அப்டிக்காப் போயி எறங்கலாம்" என்றார் உலகநாதன். அதுவும் முனியன் எப்போதோ சொன்னதுதான்.

"கருவாட்டு நாத்தத்துல நின்னு கால் நனைக்கவா நான் வந்தேன்? அவரு நின்னது இங்க. இந்தக் கல்லுப் படிக்கு நேர."

மணவாளன் மட்டும் குப்பத்துப் பக்கம் ஓட்டமாகப் போய் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வந்தான். வேட்டியில் உப்பும் மணலும் ஒட்டியிருந்தன. "தண்ணி இழுக்குதும்மா காலுக்கடில!" என்று ஆரம்பித்தவன் தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விளக்கு ஏற்றும் வரை இருந்து பார்த்துவிட வேண்டும் என்றாள். இருந்தார்கள். பொழுது சாய்ந்தது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் கறுப்புத் தகரம் மாட்டியிருந்தது. சட்டியைக் கவிழ்த்த மாதிரி கம்பத்தின் அடியில் மட்டும் ஒரு வட்டம் வெளிச்சம் விழுந்தது. மற்றபடி பட்டணம் இருட்டாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து ஜப்பான்காரனுக்குத் தெரியக்கூடாது என்று ஏற்பாடு.

திரும்பும் வழியில் வண்டி கோயம்பேடு தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை.

"முப்பது வருசம். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. எம்புருசன் ஒருத்தருதான் எங்கிட்ட பொய் பேசாத ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன். அவரு குடிப்பாரு, அடிப்பாரு, பொய் மட்டும் பேச மாட்டாரு. இப்ப பட்டணத்தப் பாத்துட்டேன். இதுல எது பொய்யி? அவரு சொன்னதா? நீங்க சொன்னதா?"

"அது அப்ப நெசந்தாங்க சம்பந்தி. யுத்தம் வந்து..."

"யுத்தம்னா ஏன் முன்னமே சொல்லல? ஊட்ல வச்சி சொல்லிருந்தா, சரி, காலம் கெட்டுப் போச்சின்னு அவரு பேச்ச அப்டியே மனசுல வச்சிகினு போயிருப்பேனே. இங்க கொண்டாந்து கூண்டுல மண்ணு மூட்டயக் காட்னீங்களே."

உலகநாதன் ஜமக்காளத்தின் ஓரத்தை மடித்து மடித்து விட்டார்.

"எங்கண்ணன் பொண்ண வேணாண்ணேன். பட்டணத்துப் பொண்ணு பட்டணத்துப் பொண்ணுன்னு ஊரெல்லாம் சொன்னேன். இப்பப் போயி இன்னான்னு சொல்லுவேன்? நாலு பேரு வாசல்ல வந்து ஒக்காந்துகினு கேப்பாங்களே, இன்னா பாத்தன்னு."

மறுநாள் காலையிலேயே மூட்டையைக் கட்டினாள். வடிவு காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஒரு வாரம் இருந்து, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்றாள்.

"நல்ல நாள் பாத்துத்தான் பொண்ணெடுத்தோம். போதும்" என்றாள் பொன்னம்மாள். வசந்தாவைப் பார்த்து, "கௌம்பு. ஒன்னு சொல்லிட்றேன். தாய்வீடு போறேன்னு இனிமே எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. பொய் சொல்லி முடிச்ச சம்பந்தம். பொண்ணக் கூட்டிம்போறதே பெரிசு" என்றாள்.

வசந்தா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர், "மாப்ள, வண்டி கட்டச் சொல்றேன்" என்றார்.

வண்டி கட்ட முனியன் வரவில்லை.

அவரே வண்டி பூட்டி ஓட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். சாயங்காலம் சேரிப் பக்கம் போனார். முனியனின் பெண்சாதி குப்பம்மா குடிசை வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டு எழுந்து நின்றாள்.

"முனியன் எங்க?"

"ஆவடிக்குப் போய்க்கீதுங்க. மிலிட்டரி கொட்டாயில மண்ணு வார்ற வேல. அந்திக்குத்தான் வரும்."

"மாடு ரெண்டும் கத்திகினு கெடக்குது. கீரைக்குத் தண்ணி எறைக்கணும். நாளைக்கி வரச்சொல்லு."

"வராதுங்க ஆண்டே. நானும் போறேன் திங்கக்கெயமைலேர்ந்து. பொம்பளையும் எடுக்கறாங்களாம்."

"ஒரு அடி அடிச்சதுக்கா? எங்கப்பன் காலத்துலேர்ந்து..."

குப்பம்மா சுள்ளியைக் கீழே போட்டாள். பேச்சு தாழ்ந்துதான் வந்தது.

"அடிக்கா? அடி புதுசுங்களா ஆண்டே. எம்மாமனாரும் வாங்கிகீறாரு. சொன்னவனப் பாத்து சொல்லலன்னுட்டீங்களே, அதான் அதுக்கு சோறு எறங்கல. ராத்திரி முச்சூடும், ‘நான் சொன்னேன்டி, நான் சொன்னேன்டி’ன்னு எங்கிட்ட சொல்லிகினு இருந்துச்சி. எனக்குத் தெரியாதா அது சொன்னது?"

உலகநாதன் திரும்பி வந்துவிட்டார்.

பங்குனி, சித்திரையில் கீரைப் பாத்தி பாதி காய்ந்தது. ஆள் கிடைக்கவில்லை. காட்டுப்பாக்கம், மண்ணூர்பேட்டை, எந்த ஊர்ச் சேரியிலும் கை காலுள்ளவர்கள் எல்லாம் ஆவடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் வடிவும் ஏற்றம் இறைத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் அவரே கீரை ஏற்றிக்கொண்டு சாவடிக்குப் போனார். வழக்கமாகக் கீரை எடுக்கும் கிழவி, "முனியன் கட்டு இப்டி வாடாதே" என்றாள். வடிவு அவரோடு பேசுவது குறைந்துபோயிற்று. ஓலப்பாக்கத்துக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஆவணியில் மணவாளனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பேத்திக்குக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் இல்லாத வீடு, தாத்தாவாவது வர வேண்டும் என்று எழுதியிருந்தான். வடிவு எள்ளுருண்டை பிடித்தாள். வெள்ளரிப் பிஞ்சும் கத்தரியும் ஒரு கூடை. "நான் வரல. அந்தம்மா எதுர்ல எனக்கு நிக்கத் தெம்பில்ல. பொண்ணு எப்டி கீதுன்னு நெசத்த வந்து சொல்லுங்க" என்றாள். நெசத்தை என்பதை அழுத்திச் சொன்னாள்.

ஓலப்பாக்கத்தில் அவர் பயந்துகொண்டுதான் தெருவில் நுழைந்தார். ஆனால் பொன்னம்மாள் வாசலுக்கே வந்தாள். "வாங்க சம்பந்தி, வாங்க! பட்டணத்துலேர்ந்து எங்க சம்பந்தி வந்துகீறாரு பாருங்கடி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே கேட்டுக்குங்கடி. நான் சொன்னா நம்ப மாட்றாளுங்க சம்பந்தி. சிங்கத்துக்கு எதுர்ல நின்னேன், மூச்சி மூஞ்சில சூடா அடிச்சிதுன்னேன். நெசந்தான?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பொன்னம்மாளும் பார்த்தாள். மாட்டு வண்டியில் இருட்டில் ‘எது பொய்யி’ என்று கேட்ட அதே முகம் அது. இன்று அதற்கு வேண்டிய பதிலை அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

"நெசந்தாங்க" என்றார் உலகநாதன்.

"சமுத்திரத்துல முட்டிக்கால் தண்ணில?"

"ஆமாங்க. கல்லுப் படிக்கு நேரா எறங்கினோம்."

"வெளக்கு?"

"ராத்திரி பகலே தெரியாதுங்க" என்றார். சொல்லத் தொடங்கியதும் அவருக்கு நன்றாகவே வந்தது. ஓட்டலில் பளிங்கு மேசையில் இலை போட்டதையும், சிங்கம் எழுந்து நின்று ஒரு கத்துக் கத்தியபோது குழந்தைகளெல்லாம் அலறியதையும் கேட்காமலே சொன்னார். பெண்கள் மார்பில் கை வைத்துக்கொண்டார்கள். "அப்டியேதான் அவரும் சொல்லுவாரு" என்றாள் பொன்னம்மாள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அது நடிப்பில்லை. அன்று அவர் இலையில் இரண்டு தரம் வடை விழுந்தது.

மறுநாள் காது குத்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் மகளோடு தனியாகப் பேச முடிந்தது. வசந்தா கிணற்றடியில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தாள். தோள் எலும்பு தெரிந்தது. விரல் கணுக்களில் சாம்பல் காரம் பட்டு வெடித்திருந்தது.

"நல்லா கீறியாம்மா?"

"கீறேன் நைனா."

"சம்பந்தியம்மா மனசு மாறிட்டாப்ல கீதே. நேத்தி எவ்ளோ மரியாத!"

வசந்தா அண்டாவைக் கவிழ்த்தாள்.

"நாலு பேரு எதுர்ல வசந்தாம்மா வசந்தாம்மாம்பாங்க. என்னியும் சாட்சி கூப்புடுவாங்க. ‘அவங்க ஊட்லேர்ந்தே சிங்கம் கத்தறது கேக்கும், கேளுங்கடி’ம்பாங்க. நானும் கேக்கும்பேன். வந்தவங்க போனப்பறம், பொய்க்காரன் பொண்ணே, இங்க வாம்பாங்க. பேரு சொல்லிக் கூப்புட்டு ஆறு மாசமாச்சி. தண்ணி, சாணி, ஒலக்கை, எல்லாம் நாந்தான். அவரு நல்லவருதான். ஆனா அம்மா எதுர்ல வாயத் தெறக்க மாட்டாரு."

"அந்தம்மாவே அத்தினி பொய்யி சொல்லுதே, அப்பறம் இன்னாத்துக்கு..."

"பொய்யா? அவங்களுக்கு அது பொய்யி இல்ல நைனா. அவங்க வீட்டுக்காரரு பேச்ச அவங்க காப்பாத்தறாங்க. நீங்கதான் பொய்யி."

உலகநாதன் கிணற்றுக்குள் பார்த்தார். "வந்துட்றியாம்மா? இப்பவே கௌம்பு" என்றார். சொல்லும்போதே அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது.

"வந்தா, பட்டணத்து மினுக்கு, இங்க தாங்காம ஓடிட்டான்னுவாங்க. கொழந்தைய உட மாட்டாங்க. உடுங்க. அம்மாகிட்ட நல்லா கீறேன்னு சொல்லுங்க."

அவர் புறப்படும்போது வாசலில் மறுபடி ஆள் சேர்ந்தது. எதிர்வீட்டுக் கன்னியம்மா தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பதினைந்து பதினாறு வயது. தலை நிறையக் கனகாம்பரம். காலையில் காது குத்தின வீட்டில் ஆசையாசையாக ஓடியாடி வேலை செய்த பெண்.

"அண்ணே, பொன்னம்மாக்கா சொல்லிச் சொல்லி எம்பொண்ணுக்கு இந்த ஊரே புடிக்கல. பட்டணத்துப் பக்கம் ஒங்க சாதி சனத்துல ஒரு மாப்ள பாருங்கண்ணே. இங்க தூரத்து ஒறவுல ஒருத்தன் கேட்டுகினு கீறான், நல்லவன்தான், நெலங்கீது. இவ, பட்டணந்தான்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

"குடு கன்னியம்மா" என்றாள் பொன்னம்மாள். "சம்பந்தி மனசு வச்சா ஆவாததா?"

உலகநாதன் வெற்றிலையை மடித்தபடி யோசிப்பதுபோல நின்றார். அப்போது வசந்தா கதவோரத்திலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை. அதன் காது மடல் சிவந்து வீங்கியிருந்தது.

"அத்தே, எங்க நைனா பேச்சக் கேட்டுகினு பொண்ணக் குடுக்காதீங்க" என்றாள் கன்னியம்மாவைப் பார்த்து. "அங்க சிங்கமும் இல்ல, ஒன்னுமில்ல. எங்க ஊட்லேர்ந்து பட்டணம் பன்னண்டு கல்லு. இவள அந்த நெலங்கீறவனுக்கே குடுங்க."

பொன்னம்மாளின் முகம் வெளுத்தது. கன்னியம்மா ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்த்தாள். பிறகு எல்லாரும் உலகநாதனைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

அவர் சிரித்தார்.

"வெளையாட்டுக்குச் சொல்லுதும்மா. சின்னதுலேர்ந்தே அதுக்கு அந்தக் குசும்பு. தாய்வீட்டு ஏக்கம், வேற இன்னா? நீங்க ஜாதகத்த எடுத்து வையுங்க. தை பொறக்கட்டும், நானே வரேன்."

கன்னியம்மாவுக்கு மூச்சு வந்தது. அவளும் சிரித்தாள். பெண் வெட்கப்பட்டு அம்மா முதுகுக்குப் பின்னால் போனாள். வசந்தா குழந்தையை ஒரு தரம் தூக்கி இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மணவாளன் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். பொன்னம்மாள் வாசற்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, தேன் ஒழுகும் குரலில் கூப்பிட்டாள்.

"வசந்தாம்மா, ஒங்க நைனா கௌம்பறாரு, வந்து சொல்லிட்டுப் போ கண்ணு."

உள்ளேயிருந்து உலக்கை விழும் சத்தம் மட்டும் கேட்கத் தொடங்கியது. உலகநாதன் செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்குமா என்று கொஞ்சம் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கினார்.